போஸ்ஸாம் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு கோவாக்காரன் சொல்வது

அக்கா மகன் அடுத்த மாதம் கொரியாவுக்குப் போகிறான். ஹற்றனில் மொழி வகுப்புக்குப் போய், இரண்டாவது தடவை பரீட்சையில் தேறி, ஈ-9 என்ற வேலை வீசா கையில் வந்துவிட்டது. அன்சான் நகரத்தில் உலோக வேலை. போன ஞாயிறு நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், கரட் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் குந்தினான். சம்பளத்தைப் பற்றிக் கேட்பான், குளிரைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன். "மாமா, சியோலில் போஸ்ஸாம் எங்கே நல்லது?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த நாட்டில் இருந்த ஒன்பது வருடம் எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத நல்ல கேள்வி அதுதான். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த மலையிலிருந்து போகிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். போஸ்ஸாம் என்பது அவித்த பன்றி இறைச்சி. வறுத்ததோ குழம்பு வைத்ததோ அல்ல, தண்ணீரில் அவித்து விரல் தடிப்பில் வெட்டி அடுக்கியது. கூடவே உப்பில் ஊறிய கோவா (முட்டைக்கோஸ்) இலை, சலாது இலை, காரமான முள்ளங்கிச் சீவல், பச்சைப் பூண்டு, பச்சைக் கொச்சிக்காய், உப்பில் ஊறிய குட்டி இறால் எல்லாம் வரும். இலையில் எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டி வாயில் போட வேண்டும். 'போ' என்றால் துணி, 'ஸாம்' என்றால் பொதிதல். பழைய காலத்தில் கைம்பெண்ணை இரவில் துணியால் பொதிந்து தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் ஒன்று இருந்ததாம், அதற்கும் இதே பெயர்தான். இதை எனக்குச் சொன்ன தொழிற்சாலைப் பெரியவர் சொல்லி முடித்த பிறகு ஒரு சுருளை என் பக்கம் நீட்டினார். வாங்குவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

நம் ஆட்களுக்கு 'அவித்த பன்றி' என்றதுமே முகம் சுருங்கும். எங்கள் லயத்தில் பன்றி தின்கிற வீடும் தின்னாத வீடும் அடுத்தடுத்து இருந்தன. தின்கிற வீட்டிலும் மிளகும் கொச்சிக்காய்த் தூளும் கொறுக்காப்புளியும் போட்டுச் சட்டி கறுக்கும்வரை வற்ற வைத்தால்தான் அது கறி. வெள்ளையாக வந்தால் நோயாளிச் சாப்பாடு. நானும் அப்படித்தான் நினைத்தேன். போன புதிதில் தொடவே இல்லை.

இறைச்சியைப் பார்க்காதீர்கள், கோவாவைப் பாருங்கள்

கடை தேடுகிறவர்கள் இறைச்சியின் படத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அதுதான் பிழை. பன்றியை ஒரு மணித்தியாலம் ஒழுங்காக அவிக்க எந்தக் கடைக்கும் தெரியும். வயிற்றுப் பகுதியா, தோள்பட்டையா, முன்னங்காலா என்று வித்தியாசம் இருக்கும். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம், விலையும் அதிகம். முன்னங்கால் மலிவு, கொஞ்சம் நார் இருக்கும். இவ்வளவுதான் இறைச்சியில் உள்ள ரகசியம். கடைக்குக் கடை மாறுவது கோவாதான்.

நான் கோவாக்காரன். அப்பா தோட்டத்து வேலை முடிந்து வந்து, லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் கோவாவும் லீக்ஸும் போட்டு தம்புள்ளை லொறிக்கு ஏற்றியவர். கொரியாவில் தின்பது நம் உருண்டைக் கோவா அல்ல, இங்கே சைனீஸ் கோவா என்று விற்கிற நீளமான வகை. அவர்கள் அதைப் பெச்சு என்கிறார்கள். நான் போய் இறங்கிய 2010இன் இலையுதிர் காலத்தில் மழையால் விளைச்சல் கெட்டு, ஒரு பெச்சு 10,000 வோனைத் தாண்டியது. அந்தக் கோவாவை உப்பும் காரமும் போட்டு ஊற வைக்கிற கிம்ச்சியைச் சாப்பாட்டுக் கடைகளில் அளந்து வைத்தார்கள். ஊர் முழுக்கக் கோவாவைப் பற்றியே பேச்சு. வந்து இறங்கியது சரியான நாடுதான் என்று எனக்கு அன்றைக்கே பட்டது.

ஒரு ஓகஸ்ட் விடுமுறையில் கங்வொன் மாகாணத்தில் அன்பான்தெகி என்ற மேட்டுக்குப் போனேன். ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரம். கண்ணுக்கு எட்டிய தூரம் சரிவெல்லாம் பெச்சு, மேலே மஞ்சு. கந்தப்பளைச் சந்தியில் நிற்பது போலவே இருந்தது, காற்றாடி ஆலைகள் மட்டும் மேலதிகம். கோடையில் நகரத்துக்கு வருவது இந்த மலைக் கோவாதான். கோடைக் கோவாவில் தண்ணீர்ச் சத்து அதிகம், இனிப்பு குறைவு. குளிர் தொட்ட பிறகு நவம்பரில் வருகிற கோவாவின் உள்ளிலை மஞ்சளாக, மென்றால் இனிக்கும். ஆகவே போஸ்ஸாமுக்கு நவம்பர் நடுவிலிருந்து பெப்ரவரி வரை நல்ல காலம். ஜூலையில் தின்றுவிட்டு "ஒன்றும் விசேஷமில்லை" என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

கடையில் உட்கார்ந்ததும் முதலில் உப்புக் கோவா இலை ஒன்றை வெறுமனே எடுத்துப் பாருங்கள். நடுத்தண்டை மடித்தால் முறியாமல் வளைய வேண்டும். கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். உப்பு முன்னால் வந்து நின்றால் சரியாகக் கழுவவில்லை. தண்டு முறிந்தால் இன்னும் ஊறவில்லை. முள்ளங்கிச் சீவல் சிவப்பாக, இனிப்பும் காரமுமாக, அன்றைக்குக் கலந்ததாக இருக்க வேண்டும். போஸ்ஸாமோடு தின்கிற கிம்ச்சி புளித்துப் போனதாக இருக்கக்கூடாது என்பது என் கட்சி. புளித்ததைக் குழம்பில் போடலாம். கொழுப்பு இறைச்சியோடு போட்டி போடப் புதுக் கிம்ச்சிதான் வேண்டும்.

முதல் தடவை ஜோங்னோவுக்கே போங்கள்

சியோலின் நடுவில் ஜோங்னோ 3-கா என்று ஒரு நிலத்தடி ரயில் நிலையம் இருக்கிறது. 1, 3, 5 ஆகிய மூன்று பாதைகள் சந்திக்கிற இடம். அதற்குத் தெற்கே, பெரிய வீதிக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் சிப்பிப் போஸ்ஸாம் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவர்கள் 'குல் போஸ்ஸாம்' என்பார்கள், 'குல்' என்றால் கடல் சிப்பி. அந்தச் சந்தில் பேர்போனது சம்ஹேஜிப் என்ற கடை. வாசலில் வரிசை நிற்கும். வரிசையைப் பார்த்து மலைத்தால் பக்கத்துக் கடைக்கு நுழையுங்கள், குறையில்லை. ஒரே சந்தையிலிருந்து வருகிற பொருள்தான்.

அன்சானிலிருந்து போகிறவர்கள் 4ஆம் பாதையில் ஏறுவார்கள். பலரும் சுங்முரோ வரை போய் 3ஆம் பாதைக்கு மாறுகிறார்கள். அப்படிச் செய்தால் ஜோங்னோவில் இறங்கிய பிறகு நிலத்தடியிலேயே வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும். அதைவிட கும்ஜொங் நிலையத்தில் இறங்கி, அதே மேடையின் எதிர்ப்பக்கம் நிற்கிற 1ஆம் பாதை வண்டியில் ஏறுங்கள். படி ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். ஜோங்னோ 3-காவில் இறங்கி 15ஆம் எண் வாசலால் வெளியே வந்தால் சந்து பக்கத்திலேயே. என் காலத்தில் 'சியோல் சினிமா' தியேட்டர்தான் அடையாளம். அது 2021இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே வாசல் எண்ணை நம்புங்கள்.

மாலை ஐந்து மணிக்குப் போய்விடுங்கள். சனிக்கிழமை நல்லது. ஞாயிறுதான் நமக்கு நிச்சயமான ஓய்வு என்றாலும் பழைய கடைகளில் சில ஞாயிறு பூட்டியிருக்கும். சீக்கிரம் போனால் பக்கத்தில் தப்கோல் பூங்காவைப் பார்க்கலாம். 1919 மார்ச் 1ஆம் திகதி சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்ட இடம். என் காலத்தில் அந்தப் பக்கம் வயதானவர்கள் குந்தியிருந்து சதுரங்கம் போல ஒன்று விளையாடினார்கள். ஓய்வு பெற்ற கங்காணிமார் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவன் வாய் திறந்தால் முறைத்தார்கள்.

தனியாகப் போகாதீர்கள். இது ஒற்றை ஆள் சாப்பாடு அல்ல. தட்டு சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும். சிறியதுக்கு 'சோ', நடுத்தரத்துக்கு 'ஜுங்', பெரியதுக்கு 'தே'. சிறிய தட்டே இரண்டு பேருக்குத் தாராளம், மூன்று பேருக்குப் போதும். நான் திரும்பி வருகிற காலத்தில் அது 30,000 வோன் அளவில் இருந்தது. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்குப் பத்தாயிரம். இப்போது கூடியிருக்கும், கணக்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு போங்கள். அந்தச் சந்தில் போஸ்ஸாம் கேட்டால் பன்றி முதுகெலும்பும் உருளைக்கிழங்கும் போட்ட காரக் குழம்பும் இலவசமாக அடுப்போடு மேசைக்கு வரும். கேட்காமல் வருகிறதே, பில்லில் போடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். நாங்கள் முதல் தடவை பயந்து அதைத் தொடாமல் வைத்துவிட்டு வந்தோம். இன்னும் மனம் ஆறவில்லை.

பரிமாறுகிற அம்மாவை 'இமோ' என்று கூப்பிடுங்கள். அது நம் சின்னம்மா பெரியம்மா போல, தாயின் சகோதரியைக் கூப்பிடுகிற சொல். இலை முடிந்தால் "இமோ, பெச்சு தோ ஜூசேயோ" என்றால் இன்னும் கொஞ்சம் கோவா கொண்டு வருவார். மொழி வகுப்பில் படித்ததில் எனக்கு அதிகம் பயன்பட்ட வாக்கியம் இதுதான்.

சிப்பி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குளிர்காலத்தில் தொங்யொங் கடற்கரைப் பக்கமிருந்து வருகிற சிப்பி பச்சையாகவே தட்டில் இருக்கும். மலையில் வளர்ந்த வயிறு அதற்குப் பழக்கப்பட்டதல்ல. முதல் தடவை ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். ஒரு டிசம்பரில் வேறொரு பகுதியில், சுத்தம் போதாத ஒரு கடையில், நண்பர்களோடு பந்தயம் கட்டி ஒரு தட்டுச் சிப்பியைத் தின்று மூன்று நாள் வேலைக்குப் போகாமல் கிடந்தேன். சம்பளம் வெட்டுப்பட்டது. சிப்பி வேண்டாம் என்றால் வெறும் போஸ்ஸாம் கேளுங்கள், தருவார்கள்.

எப்படிச் சுருட்டுவது

இதைச் சொல்லிக் காட்ட முடியாது என்று அக்கா மகனுக்கு அன்றைக்கே செய்து காட்டினேன். நுவரெலியாவில் தோலோடு வயிற்றுப் பகுதி ஒரு கிலோ வாங்கினோம். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு, லீக்ஸின் பச்சைத் தழை எல்லாம் போட்டுத் தண்ணீர் கொதித்த பிறகு இறைச்சியை இறக்கினேன். கொரியாவில் சோயா விழுதும் சில வீடுகளில் ஒரு கரண்டிக் கோப்பித் தூளும் போடுவார்கள், வாடை போக. நான் ஒரு பிடி டஸ்ட் தேயிலையைத் துணியில் கட்டிப் போட்டேன். நம் ஊரில் கோப்பிக்குக் காசு கொடுப்பானேன்? நிறமும் அழகாகப் பிடித்தது. மூடி ஐம்பது நிமிடம், பிறகு நெருப்பை அணைத்துப் பத்து நிமிடம் அந்தத் தண்ணீரிலேயே. சுடச்சுட வெட்டினால் உதிரும், முழுக்க ஆறினால் கொழுப்பு உறையும். கை தாங்குகிற சூட்டில் வெட்ட வேண்டும்.

கோவாவைக் காலையிலேயே உப்பில் போட்டிருந்தேன். குட்டி இறாலுக்குப் பதில் கூனியைக் கழுவி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டு ஊற வைத்தேன். அதே ருசி என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேலை செய்தது. பன்றி செரிக்க அந்த இறால் உதவும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை.

சுருட்டுகிற முறை இது. இடது உள்ளங்கையில் இலை. அதன் மேல் ஒரு துண்டு இறைச்சி. இறால் இரண்டே இரண்டு, அதற்கு மேல் போட்டால் உப்பு. முள்ளங்கிச் சீவல் கொஞ்சம் தாராளமாக. பூண்டு ஒரு சீவல். சோயா விழுதில் செய்த ஸாம்ஜாங் என்ற சட்னி இருந்தால் அதையும் இறாலையும் ஒரே சுருளில் போடாதீர்கள், ஏதாவது ஒன்று. சுருட்டி ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடிக்கக்கூடாது. மருமகன் பாதி கடித்தான். மீதி அவன் சட்டையில் விழுந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இதைத் தாளிக்கவே இல்லையா?" என்று அம்மாயி மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார், கேட்டுக்கொண்டே ஐந்து துண்டு தின்றார்.

மேசையில் யாராவது ஒரு சுருள் செய்து உங்கள் வாய்க்கு நேரே நீட்டினால் வெட்கப்படாமல் வாயைத் திறவுங்கள். மறுப்பது மரியாதையல்ல. நவம்பர் முடிவில் அவர்கள் குளிர்காலத்துக்கு வேண்டிய கிம்ச்சியை மொத்தமாகப் போடுவார்கள். கிம்ஜாங் என்று பெயர், 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வழக்கம். அன்றைக்கு வேலை செய்கிறவர்களுக்குப் பன்றி அவித்து, அப்போதுதான் மசாலா பூசிய கோவாவோடு கொடுப்பார்கள். எங்கள் முதலாளியின் தாய் வீட்டில் இருநூறு கோவாவுக்கு உப்புப் போட எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் கோவா பிளக்கிற வேகத்தைப் பார்த்துக் கிழவிக்கு ஆச்சரியம். மசாலா அப்பிய ரப்பர்க் கையுறையோடு ஒரு சுருள் செய்து என் வாயில் ஊட்டினார். அதுவரை தொடாமல் இருந்த பன்றியை நான் தின்றது அப்படித்தான். இப்படி ஒரு வீட்டுக்கு அழைப்பு வந்தால் எந்தக் கடையையும் விட்டுவிட்டு அங்கே போங்கள்.

மற்ற இடங்கள்

தொங்மியோ நிலையத்துக்கு அருகே பழைய சாமான் சந்தை இருக்கிறது. குளிர்ச் சட்டை மலிவாக வாங்கலாம், முதல் குளிருக்கு எப்படியும் அங்கே போவீர்கள். அங்கிருந்து சொங்கெசொன் ஓடையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஹ்வாங்ஹாக் பகுதி. 'வொன் ஹல்மொனி போஸ்ஸாம்' என்று நாடெங்கும் கிளைகள் வைத்திருக்கிற நிறுவனம் 1975இல் அந்தப் பக்கத்தில் ஒரு சிறிய கடையாகத்தான் தொடங்கியது. 'ஹல்மொனி' என்றால் பாட்டி. அந்த நாளில் ஓடை கொங்கிரீட்டுக்கு அடியில் மூடிக் கிடந்தது, மேலே வாகனங்கள் ஓடின. 2005இல்தான் திறந்துவிட்டார்கள். கிளைக் கடைகள் சுத்தம், படம் போட்ட பட்டியல், விலை தெளிவு. மொழி தடுமாறுகிற முதல் மாதத்துக்கு அது போதும். ஆனால் கோவா எங்கேயும் ஒரே மாதிரி. எனக்கு அது சலித்துவிட்டது.

கொங்தொக் சந்தையில் உள்ளது ஜொக்பால் சந்து, அதாவது பன்றிக்கால். சோயாவில் கறுப்பாக அவித்தது. நம் நாக்குக்கு இதுதான் சீக்கிரம் பிடிக்கும். இரத்தக் குடல் பிட்டும் அதன் சூப்பும் இலவசமாக வைப்பார்கள். போஸ்ஸாம் பிடிக்காமல் போனால் அங்கே போய் ஆறுதல் அடையலாம்.

தனியாக இருக்கிற நாளில் பகல் சாப்பாட்டு நேரத்தில் 'போஸ்ஸாம் ஜொங்சிக்' என்று எழுதியிருக்கிற கடையைத் தேடுங்கள். ஆளுக்கு ஒரு தட்டு, சோறு, சூப் என்று அளவாக வரும். அதையும் இரண்டு பேருக்குக் குறையாமல்தான் தருவோம் என்கிற கடைகள் உண்டு. வாசலிலேயே ஒரு விரலைக் காட்டிக் கேட்டுவிட்டு உட்காருங்கள். அறைக்கே வரவழைக்கலாம், தொலைபேசிச் செயலியில் ஒற்றை ஆள் பொதியும் கிடைக்கும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் வேர்த்து வருகிற கோவாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

குடிக்கிறவர்கள் மக்கொல்லி கேளுங்கள், அரிசியில் செய்த வெள்ளைக் கலங்கல். நம் கள்ளு மாதிரி, ஆனால் இனிப்பு. மூத்தவர்களுக்கு ஊற்றும்போது இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும், அவர்கள் ஊற்றினால் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். குடிக்காதவர்கள் 'சைடா' கேட்டால் நம் ஸ்பிரைட் போல ஒன்று வரும். யாரும் வற்புறுத்தினால் காலையில் ஓவர்டைம் என்று சொல்லிவிடுங்கள், விட்டுவிடுவார்கள்.

ஜோங்னோவில் பத்து மணிக்கு மேல் உட்காராதீர்கள். அன்சானுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பயணம். கும்ஜொங்கில் மாறுகிற வண்டியைத் தவறவிட்டால் டாக்சிக்குக் கொடுக்கிற காசு இரண்டு தட்டுப் போஸ்ஸாமுக்குச் சமம். மிஞ்சிய இறைச்சியைப் 'பொஜாங்' என்று கேட்டால் கட்டித் தருவார்கள். கோவாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.